வெயில் கொட்டுகிற ஊரில் விளக்குப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் மல்லாவியில் இருந்து ஒரு தங்கச்சி எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், வீட்டுக்குள்ளே பெட்டி வைத்துச் செடி வளர்ப்பது பற்றி ஏற்கெனவே நாலைந்து கடிதங்கள் என் மேசையில் கிடக்கின்றன. சரி, இந்த முறை பெட்டிக் கேள்விகளை மட்டும் எடுப்போம். மாட்டெரு, வாழைக்குட்டி, கிணற்று மோட்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அன்பின் அக்கா, கனடாவில் ரொறன்ரோவில் இருக்கிற என் அண்ணா போன மாதம் வந்தபோது மடித்துக் கட்டின கறுப்புக் கூடாரம் ஒன்று கொண்டுவந்தார். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நாலடி உயரம். உள்பக்கம் வெள்ளித்தாள் மாதிரி மினுங்குது. கூடவே லைற், ஃபான், கரி நிரப்பின உருளை ஒன்று, இரண்டு பழைய சாடி. அங்கே இதற்குள் என்ன வளர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, குட்டையான கஞ்சாச் செடி ஒன்று, அங்கே அது சட்டப்படி சரி என்றார். அன்றையிலிருந்து அம்மா அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. மாட்டுக் கொட்டிலில் கிடக்குது. அண்ணா திரும்பிப் போய்விட்டார். இதற்குள் வேறு ஏதும் வளர்க்கலாமா, இல்லை எரித்துவிடவா?
(ஒரு வாசகி, மல்லாவி)

பதில்: எரிக்காதையுங்கோ தங்கச்சி. அந்தத் துணி எரிந்தால் மல்லாவி முழுக்க நாறும். பெட்டி ஒரு பாவமும் செய்யவில்லை. அம்மாவிடம் அதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அண்ணா சொன்னது பொய்யில்லை. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. வளர்ந்தவர்கள் இருக்கிற ஒரு வீட்டில் நாலு செடி வரை வைக்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோவிலும் அதுதான் கணக்கு. ஜேர்மனியிலும் 2024 ஏப்ரல் முதல் வளர்ந்த ஒருவருக்கு மூன்று செடி என்று விட்டிருக்கிறார்கள். அங்கே சரி, இங்கே இல்லை. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் வருகிறேன்.

இப்போது பெட்டியைப் பாருங்கள். அண்ணா ஏன் செடியைப் பெட்டிக்குள் வைத்தார்? ஒளித்து வைக்க அல்ல. ரொறன்ரோவில் மார்கழியில் பகல் ஒன்பது மணித்தியாலம் கூட இல்லை, வெளியே பனி. ஆனியில் பதினைந்தரை மணித்தியாலம் வெளிச்சம். கஞ்சா பகல் குறுகினால்தான் பூக்கிற இனம். எங்கள் சிறகவரை மாதிரி என்று வையுங்கள். சிறகவரையைச் சித்திரையில் நட்டால் வேலி முழுக்கப் படர்ந்து இலையாய் நிற்கும், கார்த்திகை வந்தால்தான் பூவைக் கண்ணில் காட்டும். கிளிநொச்சியில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அந்தச் சின்ன வித்தியாசத்தையே சிறகவரை கணக்குப் பார்க்கிறது. பெட்டிக்காரர் செய்வது, ரைமரை வைத்து அந்தக் கணக்கைத் தாங்களே எழுதுவது. கறுப்புத் துணி, இறுக்கமான சிப் எல்லாம் இருட்டை உடையாமல் வைக்கத்தான். நாள் நீளத்தைப் பாராமல் வயது வந்ததும் பூக்கிற குட்டை இனங்களும் அங்கே உண்டு. அண்ணா குட்டை என்றது அப்படி ஒன்றாகவும் இருக்கலாம். கரி உருளை வாசம் வெளியே போகாமல் பிடிக்க. உங்களுக்கு அது வேண்டாம். மிளகாய் நாற்றின் வாசத்துக்கு அயலில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கழற்றி வைத்தால் ஃபானும் இலகுவாக இழுக்கும்.

முதல் வேலை கழுவுவது. பழைய சாடிகளில் ஒட்டின மண், காய்ந்த இலை, ஒரு விதை கிடந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதோடு வெளிநாட்டு மண்ணையும் விதையையும் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடுக்க 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது கஞ்சாவுக்காக வந்த சட்டமில்லை, மண்ணோடு வருகிற நோய்க்காகவும் பூச்சிக்காகவும் வந்தது. ஆகவே சாடி இரண்டையும் விட்டுவிடுங்கள், யோகட் கோப்பையே போதும். துணியைச் சவர்க்காரத் தண்ணீரால் மடிப்பு மடிப்பாகத் துடைத்து ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.

இரண்டாவது, லைற்றைச் செருகுவதற்கு முதல் அதன் பின்பக்கச் சீட்டை வாசியுங்கள். கனடாவில் கரண்ட் 120 வோல்ற், எங்களுக்கு 230. சீட்டில் 100 – 240 என்று போட்டிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் செருகின அந்தக் கணமே புகை. ஃபானில் பெரும்பாலும் 120 என்றுதான் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய கணினியில் கழற்றின 12 வோல்ற் ஃபானை ரவுட்டரின் 12 வோல்ற் அடப்ரரில் கொழுவுங்கள். ஃபான் மேல் ஓட்டையில், சூடான காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி. கீழ் ஓட்டையைத் திறந்து நுளம்பு வலை கட்டுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல், சூடு. லைற் 100 வாட் என்றால் அந்த 100 வாட்டும் கடைசியில் பெட்டிக்குள் சூடாகத்தான் முடியும். கணினி ஃபான் ஒன்று ஒழுங்காய் இழுத்தாலும் அறையை விடப் பெட்டிக்குள் மூன்று, நாலு பாகை கூடத்தான் இருக்கும். கனடாவில் 20 பாகை அறைக்குள் அது நல்லது. ஆவணியில் தகரக் கூரைக்குக் கீழே 34 பாகையில் அதுவே சாவு. 2010இல் மீளக் குடியேறின புதிதில் தறப்பாள் கொட்டிலுக்குள் வெட்டின தண்ணீர்க் கானில் நான் கத்தரி நாற்றுப் போட்டேன். பத்துமணிக்குப் பிறகு அந்தத் தறப்பாளுக்குக் கீழே மனுசரே இருக்க ஏலாது; நாற்று என்ன செய்யும்? இரண்டாம் நாளே கறுத்துப் படுத்துவிட்டது. அதில் இருந்து சூடு என்றால் எனக்குப் பயம்.

அதனால் ஒன்று செய்யுங்கள்: எங்கள் இரவைப் பெட்டிக்குப் பகலாக்குங்கள். மாலை 6 மணிக்கு லைற் எரியட்டும், காலை 8 மணிக்கு அணையட்டும். பதினாலு மணித்தியாலம். பகலில் சிப்பைத் திறந்துவிடுங்கள், ஃபான் மட்டும் ஓடட்டும். இரவில் அறை 26, 27 பாகைக்கு இறங்கிவிடும். லைற்றின் சூடும் சேர்ந்தால் மிளகாய் விதை முளைக்க விரும்புகிற அளவு அதுதான். இருபத்துநாலு மணித்தியாலமும் எரியவிட்டால் இன்னும் கெதியாக வளரும் என்று நினைக்காதீர்கள். தக்காளி இருட்டே இல்லாவிட்டால் இலை வெளிறி மஞ்சளாகிவிடும்.

என்ன வளர்க்கலாம்? என் யோசனை நாற்று. 98 குழித் தட்டு இரண்டு அந்தப் பெட்டிக்குள் பக்கத்துப் பக்கமாகச் சரியாய் உட்காரும். அரைவாசி தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்), அரைவாசி அரித்த கூட்டெரு. தும்புச்சோற்றை ஊறப்போட்டுப் பிழிந்து, தேத்தண்ணி நிறம் போகும் வரைக்கும் கழுவ வேண்டும். எம்.ஐ.2 மிளகாய் போட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் முளை தெரியும். இரண்டாவது சோடி இலை வந்த பிறகு அல்பேட் கரைசல் உரம் ஒரு லீற்றருக்கு ஒரு கிராம், கிழமைக்கு இரண்டு தரம். முப்பது, முப்பத்தைந்து நாளில் நடுகைக்குத் தயார். புதினா, வல்லாரையும் வைக்கலாம், ஆனால் கிணற்றடியில் சும்மா வருகிறதுக்கு ஏன் லைற் எரிக்க வேண்டும்?

பெட்டியில் முதல் நாற்று வந்ததும் அம்மாவிடம் நாலு கன்று கொடுத்து நடச் சொல்லுங்கள்.

கேள்வி: கஞ்சாச் செடியையே ஒன்றே ஒன்று, மருந்துக்காக, வீட்டுக்குள் பெட்டியில் வைத்தால் என்ன? ஆயுர்வேதத்தில் உண்டுதானே?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய தம்பி, வவுனியா)

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதினபோதே பதில் உங்களுக்குத் தெரியும் தம்பி.

1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இந்தச் செடியை நடுவதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. 1984இல் திருத்தித் தண்டனைகளை இன்னும் இறுக்கினார்கள். ஒரு செடிக்கு விலக்கு என்று அதில் இல்லை. வீட்டுக்குள் வைத்தால் தோட்டமில்லை என்ற கணக்கும் இல்லை. ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் கஞ்சா சேர்கிற மருந்துகள் உண்டு, மதனமோதகம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அது பதிவுபெற்ற வைத்தியரும் உரிமம் உள்ள மருந்து செய்கிறவர்களும் சுத்தி செய்து, அளவு பார்த்துச் செய்கிற வேலை. அந்த அனுமதி வைத்தியரோடு நிற்கிறது, நோயாளியின் அலுமாரிக்கு வராது. நோவோ நித்திரையின்மையோ இருந்தால் பதிவுபெற்ற வைத்தியரிடம் போய் வாயைத் திறந்து சொல்லுங்கள். வேறு ஏதும் சுவாரசியத்துக்குக் கேட்டிருந்தால், கடல் வழியாய் வருகிற கேரளக் கஞ்சாவால் எங்கள் பக்கத்துப் பொடியள் எத்தனை பேர் நீதிமன்றப் படியில் நிற்கிறார்கள் என்று நீங்களே கண்டிருப்பீர்கள்.

வளர்க்கிற விதத்தை நான் இந்தப் பக்கத்தில் எழுதமாட்டேன். மிளகாயைக் கேளுங்கள், விடிய விடிய எழுதுகிறேன்.

கேள்வி: காசு கொடுத்து வாங்காமல் வீட்டில் கிடக்கிற சாமானில் இப்படிப் பெட்டி செய்யலாமா? நீங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியில் நாற்றுப் போடுவதாகக் கேள்விப்பட்டோம், உண்மையா?
(மூன்று வாசகிகள் சேர்ந்து, புதுக்குடியிருப்பு)

பதில்: கதை அவ்வளவு தூரம் வந்துவிட்டதா? உண்மைதான்.

உருத்திரபுரத்தில் என் குசினிக்குப் பின்னால் பழுதான குளிர்சாதனப் பெட்டி ஒன்று இரண்டு வருசமாகக் கிடந்தது. கோழி அடைகாத்தது, பிறகு பூனை குட்டி போட்டது. உள்ளே பார்த்தால் வெள்ளைச் சுவர், ஒளி நன்றாய்ப் பட்டுத் திரும்பும். தட்டு வைக்க அடுக்கு உண்டு. கதவு மூடினால் எறும்புகூடப் போகாது. கரண்ட்காரத் தம்பியைக் கூப்பிட்டு வாயுவை முறைப்படி இறக்கி, மோட்டரைக் கழற்றுவித்தேன். இதை நீங்களே செய்யாதீர்கள். பக்கச் சுவருக்குள் குழாய் ஓடும், துளையை எங்கே போடுவது என்று தெரிந்தவர் போட வேண்டும். இன்னொன்று, பழைய பெட்டியில் கொழுவுகிற பூட்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிள்ளைகள் உள்ளே ஒளித்து விளையாடிக் கதவு மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வராது.

இரண்டு 15 வாட் எல்.ஈ.டி. பல்ப், வெள்ளை. ஊதாவும் சிவப்புமாய் எரிகிற விலை கூடின லைற் கட்டாயம் வேண்டியதில்லை. கடையில் விற்கிற வெள்ளைப் பல்புக்குள்ளே செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கிறது. மகனின் கைபேசியில் வெளிச்சம் அளக்கிற செயலி ஒன்று உண்டு. அதை இலை மட்டத்தில் வைத்தால் 9,000 லக்ஸ் காட்டியது. முற்றத்தில் நடுவெயிலில் வைத்தால் ஒரு லட்சத்தைத் தொடும். குசினி ஜன்னலடியில் ஆயிரத்துச் சொச்சம்தான். மனுசக் கண் எல்லாவற்றையும் 'நல்ல வெளிச்சம்' என்று சொல்லி எங்களை ஏமாற்றும். நாற்றுக்கு 9,000 போதும். காய்க்கிற செடிக்குப் போதாது.

ஒரு அடுக்கில் 42 யோகட் கோப்பை கொள்ளும். அடியில் சூட்டுக்கோலால் மூன்று ஓட்டை.

இப்போது அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தரம் போட்ட 42 கோப்பையும் அழகாய் முளைத்து நாலிலை வந்த நேரம், தங்கை வீட்டுக் கலியாணம் என்று முழங்காவிலுக்கு இரண்டு நாள் போய்விட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் முகத்தில் அடித்தது ஆவி. பிட்டுப் பானையைத் திறந்த மாதிரி. நாற்றெல்லாம் அவிந்து கோப்பை விளிம்பில் தொங்குது. லைற் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஃபான் நிற்கிறது. ஏன் என்று பார்த்தால் ஃபான் இலைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு பல்லி. பாவம், சூடான காற்று வருகிற இடத்தில் பூச்சி பிடிக்கப் போயிருக்கும். உள்ளே வைத்த வெப்பமானி 47 பாகை.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். ஃபானின் இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்தேன். அடுத்தது, குஞ்சு பொரிக்கிற பெட்டிக்குப் பூட்டுகிற சின்ன வெப்ப ஆளி இருக்கிறது, கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். அதையே பல்புக்குப் பூட்டினேன். குஞ்சுப் பெட்டியில் சூடு குறைந்தால் பல்பை எரிக்கும், கூடினால் அணைக்கும். என் பெட்டியில் 35 பாகையைத் தாண்டினால் பல்பை அணைக்கும். இப்போது ஃபான் நின்றாலும் நாற்று அவியாது. கதவையும் முழுதாய் மூடுவதில்லை, தென்னம் ஈர்க்கில் மூன்றை மடித்துச் செருகி விரல் அகலம் திறந்து வைக்கிறேன். இறுக மூடின ஈரப் பெட்டிக்குள் நாற்றழுகல் வரும்: தண்டு மண் மட்டத்தில் நூல் மாதிரி மெலிந்து, மேலே பச்சையாய் இருக்கும்போதே சரியும். வந்த கோப்பையைக் காப்பாற்ற முடியாது, எடுத்துக் கொட்டுங்கள். காற்றோட்டமும், மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுவதும்தான் மருந்து.

குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் றெஜிபோம் மீன் பெட்டி, பழைய அலுமாரி, எதுவும் சரி. மட்டைப்பெட்டி வேண்டாம், ஈரமும் கரண்டும் மட்டையும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

கேள்வி: பெட்டிக்குள் என் தக்காளி நாற்று வெளிறி, நூல் மாதிரி நெடுத்துச் சாய்கிறது. பசளை காணாதா?
(வாசகர், விசுவமடு)

பதில்: பசளை இல்லை, வெளிச்சம் காணாது. லைற்றைக் கிட்டக் கொண்டுவாருங்கள். சின்னப் பல்ப் என்றால் நாற்று நுனிக்கு ஒரு சாண் உயரம். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஒரு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். கையைப் புறங்கைப் பக்கமாய் நுனி மட்டத்தில் ஒரு நிமிசம் பிடியுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும், கொஞ்சம் தூக்குங்கள்.

நாளுக்கு இரண்டு தரம் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவிவிடுங்கள். விளையாட்டில்லை. காற்றில் ஆடுகிற செடி தண்டைத் தடிப்பாக்கும், ஆடாத செடி நெடுக்கும். ஃபானின் காற்று இலையை இலேசாக ஆட்டினால் தடவத் தேவையில்லை.

ஏற்கெனவே நெடுத்த தக்காளியை எறியாதீர்கள். நடும்போது முதல் இலை வரைக்கும் தண்டை மண்ணுக்குள் தாழ்த்துங்கள், தாழ்ந்த தண்டிலிருந்து வேர் விடும். மிளகாய்க்கு இந்தப் பரிகாரம் அவ்வளவு சரிவராது.

கேள்வி: மிளகாய்ச் செடியைப் பெட்டிக்குள்ளேயே குட்டையாய் வைத்துக் காய் பறிக்க ஆசை. நுனி கிள்ளி, பத்துக் கிளையோடு அழகாய் நிற்கிறது. பூக்கிறது, மூன்றாம் நாள் எல்லாம் கொட்டுகிறது.
(வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: நுனி கிள்ளினது நல்ல வேலை. ஆறாவது இலைக்கு மேலே கிள்ளினால் கக்கக் கிளை வெடித்துப் பற்றையாய் நிற்கும். சின்னச் சாடியில் வேர் அடங்கினால் செடியும் அடங்கும்.

பூ கொட்டுவதற்கு இரண்டு காரணம் பாருங்கள். ஒன்று, பெட்டிக்குள் தேனீயும் இல்லை, காற்றும் இல்லை. மிளகாய் தன் பூவிலேயே தான் காய்க்கிற பயிர்தான், ஆனால் மகரந்தம் உதிர ஒரு ஆட்டம் வேண்டும். காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மற்றது சூடு. நான் மேலே மல்லாவித் தங்கச்சிக்குச் சொன்ன இரவு வெளிச்ச வித்தை நாற்றுக்கு மட்டும்தான். காய்க்கிற செடிக்கு இருட்டு நேரம் குளிர்மையாய் இருக்க வேண்டும். பெட்டியின் 'இரவு' எங்கள் மத்தியானத்து 34 பாகையில் விழுந்தால் பூ தங்காது. வெளிச்சத்தைப் பகலுக்கு மாற்றினால் பகல் சூடு கூடிவிடும். எப்படிப் பார்த்தாலும் வன்னியில் குளிரூட்டி இல்லாத வீட்டில் காய்க்கிற செடிக்குப் பெட்டி பொருந்தாது. மார்கழி, தையில் வேண்டுமானால் பாருங்கள். இப்போதைக்குச் சாடியோடு தூக்கி வெளி விறாந்தையில் வையுங்கள்.

கேள்வி: பெட்டிக்குள் பூச்சி வராது என்றார்கள். என் நாற்றின் குருத்து இலை கீழ்நோக்கிச் சுருண்டு, கரண்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. பூச்சி ஒன்றையும் காணவில்லை.
(வாசகர், அக்கராயன்)

பதில்: காணாததுதான் பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு, இலை ஒடுங்கி, காம்பு நீண்டால் சிற்றுண்ணி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் பனிப்பூச்சி. வெள்ளைத் தாளில் குருத்தைத் தட்டினால் கீறு மாதிரி ஓடும். இலை நரம்பு மஞ்சளாகிச் செடி முழுக்கக் குறுகி நின்றால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு, அதற்கு மருந்தே இல்லை.

பெட்டி பூச்சியை வரவிடாது என்பது பாதி உண்மை. நீங்கள் தோட்டத்தில் மிளகாய் பிடுங்கிவிட்டு அதே சேட்டோடு வந்து பெட்டியைத் திறந்தால் நீங்கள்தான் வாகனம். உள்ளே போய்விட்டால் மழையும் இல்லை, அதைத் தின்கிற பொறிவண்டும் இல்லை, ராச வாழ்க்கை. சுருண்ட கோப்பைகளை இன்றைக்கே பொலித்தீன் பையில் கட்டி எடுங்கள். மிச்சத்துக்கு நனையும் கந்தகத் தூள், சீட்டில் போட்ட அளவு, பெட்டிக்கு வெளியே வைத்துப் பின்னேரம் தெளியுங்கள். சூட்டில் கந்தகம் இலையைக் கருக்கும். மூடின பெட்டிக்குள் தெளித்துவிட்டு முகத்தை உள்ளே விடாதீர்கள். காலையில் முதலில் பெட்டியைப் பாருங்கள், தோட்டத்துக்குப் பிறகு போங்கள்.

கேள்வி: கரண்ட் பில் எவ்வளவு வரும்?
(வாசகர், பரந்தன்)

பதில்: 40 வாட் லைற் 14 மணித்தியாலம் எரிந்தால் ஒரு நாளுக்கு 560 வாட் மணி. மாதத்துக்கு 17 யூனிட் அளவில். ஃபான் சேர்த்தால் இன்னும் இரண்டு, மூன்று. யூனிட்டை மட்டும் பார்க்காதீர்கள். இப்போது நீங்கள் 50 யூனிட்டில் நிற்கிறீர்கள் என்றால் இந்த 17 உங்களை 60க்கு மேலே தள்ளும், அங்கே யூனிட் விலையின் முழுப் படியும் மாறும். மல்லாவித் தங்கச்சியின் 100 வாட் என்றால் 42 யூனிட். நாற்று வளர்கிற ஒரு மாதம் மட்டும் எரியுங்கள், வருசம் முழுக்க வேண்டாம்.

கேள்வி: நான் எழுபது வயது விவசாயி. ஐம்பத்தைந்து வருசமாய் மேட்டுப்பாத்தியில்தான் நாற்று. இரணைமடுத் தண்ணியும் வன்னி வெயிலும் இருக்க, வீட்டுக்குள் லைற் போட்டுச் செடி வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, பிள்ளை, இது என்ன கூத்து?
(ஐயா ஒருவர், கிளிநொச்சி)

பதில்: ஐயா, கூத்துத்தான். நீங்கள் சொல்வதை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன். சும்மா கிடைக்கிற ஒரு லட்சம் லக்ஸை விட்டுவிட்டு 9,000க்குக் காசு கட்டுவது எந்தக் கணக்கிலும் அடங்காது. வளர்ந்த செடிக்கு அங்கே மேலே இருக்கிறவரை விட நல்ல லைற் கிடையாது.

ஆனால் ஐயா, உங்கள் மேட்டுப்பாத்தி நாற்றுக்குக் காவலாய் முன்பு நாலு பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். என் முற்றத்துக்குக் காலையில் மயில் வருகிறது, முளையை நுனி பார்த்துக் கொத்துகிறது. பத்துமணிக்குக் குரங்கு, தின்பதற்கல்ல, பிடுங்கிப் பார்ப்பதற்கு. இரவில் கட்டாக்காலி மாடு. புரட்டாதிக் கடைசியில் விதை போட்டால் ஐப்பசி மழை ஒரே இரவில் பாத்தியைக் கரைத்துவிடும். போன காலபோகத்துக்கு முதல் நான் மூன்று தரம் விதை போட்டேன், முற்றத்தில். மூன்றாம் தரம் மிஞ்சினது பதினொரு நாற்று. அந்த வருசம்தான் பூனையை எழுப்பிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியை எடுத்தேன். நாலிலை வரைக்கும் மட்டும் பெட்டி. அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற வெயிலுக்குத்தான் போகிறது.

போகிற விதத்தில் ஒரு கவனம் வேண்டும், அதை உங்களுக்கில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டியில் வளர்ந்த இலை வெயில் காணாத இலை. நேரே நடுமுற்றத்தில் வைத்தால் மத்தியானத்துக்குள் வெள்ளைத் திட்டாய் வெந்துவிடும். முதல் நாள் காலை வெயில் ஒரு மணித்தியாலம், பிறகு மாமரத்து நிழல். அடுத்த நாள் இரண்டு. ஒரு கிழமை, பத்து நாள் இப்படிக் கூட்டி, தண்ணீரையும் கொஞ்சம் குறைத்து, கடைசி இரண்டு நாள் வெளியிலேயே இரவு படுக்கவிட்டு, பின்னேரம் பார்த்து நடுங்கள். சோளகக் காற்று அடிக்கிற காலமென்றால் கன்றுக்கு மேற்குப் பக்கமாய் ஒரு பனையோலைத் துண்டைக் குத்திவிடுங்கள்.

மல்லாவித் தங்கச்சிக்கு ஒன்று விட்டுப்போய்விட்டது. அண்ணாவின் ரைமர் சின்னப் பல்லைக் கீழே அழுத்திச் சுற்றுகிற வகை என்றால், அதன் கட்டையில் 60 ஹேட்ஸ் என்று போட்டிருக்கும். எங்கள் கரண்ட் 50 ஹேட்ஸ், ஆகவே ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் பிந்தும். அதோடு அதுவும் 120 வோல்ற்தான். செருகிப் பார்க்காமல் இங்கேயே ஒன்று வாங்குங்கள். கரண்ட் நின்று வந்தால் அந்த வகை ரைமர் நின்ற இடத்திலிருந்துதான் ஓடும், ஒவ்வொரு முறையும் முள்ளைத் திருப்பி நேரம் சரிபார்க்க வேண்டும்.